கூரையைப் பிரித்த நால்வர் கதை: பெட்டி வீடா, படப்பலகையா, நடிப்பா, காணொளியா?

மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரம், முதல் 12 வசனங்கள். கப்பர்நகூமில் ஒரு வீடு. வாசல் வரைக்கும் சனம். நடக்க முடியாத ஒருவரை நால்வர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. மேலே ஏறி, கூரையைப் பிரித்து, இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். ஞாயிறு பாடசாலையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பிள்ளைகள் கண்ணிமைக்காமல் கேட்கும் கதை இது. பாடம் நெருங்கும் வாரத்தில் ஆசிரியர்கள் தடுமாறுவதும் இங்கேதான்: பெட்டியில் வீடு செய்வதா, படம் ஒட்டிக் காட்டுவதா, நடிக்க வைப்பதா, காணொளியைப் போட்டுவிடுவதா?

கொழும்பில், வெள்ளவத்தையில் சின்ன அறையொன்றில் எட்டுப் பிள்ளைகளோடு இருப்பவருக்கும், கொட்டாஞ்சேனையில் மண்டபத்தின் ஒரு மூலையில் நாற்பது பேரை வைத்துச் சமாளிப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனாலும் நான்கு முறைகளையும் அளக்க ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது: மன்னிப்பு பிள்ளையின் மனதில் நிற்கிறதா?

வசனங்களை எண்ணிப் பாருங்கள். கூரையைப் பிரிப்பது ஒரே ஒரு வசனம், 4ஆவது. "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்பதில் தொடங்கி, வேதபாரகர் (யூதரின் வேதச் சட்டத்தைக் கற்பித்தவர்கள்) மனதுக்குள் முறுமுறுத்து, இயேசு அதை அறிந்து எதிர்க்கேள்வி கேட்டு, மன்னிக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்று காட்டப்போவது வரை 5 முதல் 10 வரையான ஆறு வசனங்கள். கதையில் சரிபாதி அது. வகுப்பிலோ கூரைக்கு இருபது நிமிடமும் மன்னிப்புக்கு அரை நிமிடமும் போய்விடும். அடுத்த ஞாயிறு "போன கிழமை என்ன கதை?" என்று கேட்டால் "கூரையில ஓட்டை போட்டது" என்று ஒரே குரலில் பதில் வரும். பிள்ளைகளில் பிழையில்லை. நாம் தெரிந்தெடுத்த முறை அவர்கள் கண்ணை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டது.

இரண்டாவது, வரிசை. அந்த மனிதர் படுத்த நிலையிலேயே மன்னிக்கப்படுகிறார். எழுந்து நடப்பது அதற்குப் பிறகு. இந்த இடைவெளியைக் கண்ணுக்குக் காட்டும் முறை நல்ல முறை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடும் முறை, 'பாவம் போனதும் வருத்தம் போச்சு' என்ற தவறான கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிடும். வீட்டில் ஊன்றுகோலோடு நடக்கும் அம்மம்மா இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு என்ன செய்யும் என்று யோசித்தால் போதும்.

மற்றவை நடைமுறை சார்ந்தவை: எத்தனை பிள்ளைகள், கடைசி வரிசைக்குத் தெரியுமா, தயாரிப்புக்கு எவ்வளவு நேரம், பஸ்ஸில் கொண்டுபோகக்கூடிய சாமானா, யாருக்காவது அடிபடுமா. கொழும்பில் இன்னொன்றும் உண்டு, மொழி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் அல்லது சிங்களம் என்று வளரும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். வேதாகமத் தமிழை அப்படியே வாசித்தால் பாதிப் பேருக்கு விளங்காது. ஆகவே கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுக்கும் முறை எதுவானாலும் அதற்கு இங்கே கூடுதல் மதிப்பு.

| | பெட்டி வீடு | படப்பலகை | நடிப்பு | காணொளி |
|---|---|---|---|---|
| வயது | 4–8 | 5–10 | 8–12 | எதற்கும், துணையாக |
| பிள்ளைகள் தொகை | 15 வரை | 40 வரை | 10–20 | திரையைப் பொறுத்தது |
| தயாரிப்பு | இரண்டு மணித்தியாலம் | முதல் முறை ஒரு முழு மாலை, பிறகு பத்து நிமிடம் | அரை மணித்தியாலம் | பார்த்துத் தெரிவுசெய்ய ஒரு மணித்தியாலம் |
| மன்னிப்பு நிற்குமா | ஆசிரியர் நிறுத்தினால் | நன்றாக | மிக நன்றாக, அல்லது அடியோடு இல்லை | குறைவு |
| பெரிய ஆபத்து | கயிறு சிக்கும், பாய் சரியும் | விசிறிக் காற்று | விழுந்து அடிபடுதல், கேலி | ஆசிரியர் ஒதுங்கிவிடுவது |

## எந்த முறையானாலும் முதலில் வீடு

கொழும்புப் பிள்ளைக்குக் கூரை என்றால் ஓடு, தகரம், சீட் அல்லது மாடிக் குடியிருப்பின் கொங்கிறீட் தட்டு. "கூரையைப் பிரித்தார்கள்" என்றதும் ஒருவன் சுத்தியலைக் கற்பனை செய்வான், இன்னொருத்தி சீட் உடைந்து ஆள் விழுவதை. இரண்டு நிமிடம் ஒதுக்கி வீட்டை விளக்கிவிடுங்கள். கப்பர்நகூமில் அகழ்ந்தெடுத்த வீடுகளின் சுவர் கரிய எரிமலைக் கல்லால் ஆனது. அந்த நாட்டு வீடுகளுக்குக் கூரை மட்டமானது: மர உத்திரம், அதன் மேல் கிளையும் நாணலும், அதன் மேல் மண் பூச்சு. வெளியே படி இருக்கும், ஏறிப்போய் அங்கே துணி காயவைக்கலாம், படுக்கலாம். 'எங்கள் பிளட்ஸ் மொட்டை மாடி மாதிரி' என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மண் கூரை என்பதால் தோண்டிப் பிறகு பூசிவிடவும் முடியும்.

லூக்கா (5:17–26) இதே கதையில் ஓடுகளைச் சொல்கிறார். மத்தேயு (9:1–8) கூரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. நால்வர் என்ற எண்ணிக்கை மாற்குவில் மட்டும். ஒரு வகுப்புக்கு ஒரு நற்செய்தியை எடுங்கள், கலக்க வேண்டாம். நால்வரும் தோண்டுவதும் வேண்டுமானால் மாற்கு. 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மத்தேயுவையும் வாசிக்கக் கொடுத்து, "கூரை இல்லாமலே கதை நிற்கிறதே, அப்படியானால் எது கதை?" என்று கேட்கலாம். அந்த வயதுக்கு இந்த ஒரு கேள்வி போதும், பெட்டியும் வேண்டாம், பலகையும் வேண்டாம்.

## பெட்டி வீடு

சின்னப் பிள்ளைகளுக்கு இதை அடிக்க வேறில்லை. நான்கு வயதுப் பிள்ளை கதையைக் காதால் கேட்பதை விடக் கையால் கேட்கும்.

தேவையானவை: பலசரக்குக் கடையில் கேட்டால் கிடைக்கும் காட்போட் பெட்டி, ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம். ஈர்க்கு அல்லது மூங்கில் குச்சி 12. மண்ணிறக் கடதாசி இரண்டு தாள். சணல் நூல் இரண்டரை மீற்றர். தடித்த மட்டைத் துண்டு ஒன்று, 12க்கு 7 சென்ரிமீற்றர். அதுதான் படுக்கை. துணி உலர்த்தும் மரக் கிளிப் அல்லது ஐஸ்கிறீம் குச்சியில் ஆட்கள்.

பெட்டியின் மேல் மடிப்புகள் நான்கையும் வெட்டிவிடுங்கள். பிள்ளைகளைப் பார்க்கும் பக்கச் சுவரையும் முழுதாக வெட்டிவிடுங்கள். யன்னல் மட்டும் வெட்டினால் உள்ளே நடப்பது முதல் வரிசைக்குக்கூடத் தெரியாது. மேல் விளிம்பில் ஈர்க்குகளை மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியில் அடுக்கி, இரு முனையிலும் மட்டும் பசை வையுங்கள். நடுவில் வரும் ஐந்தைப் பசையில்லாமல் சும்மா வையுங்கள், அவைதான் எடுபட வேண்டியவை. அதன் மேல் கடதாசியைக் கசக்கி விரித்துப் பரப்பினால் மண் கூரை மாதிரி இருக்கும். பசை வேண்டாம், ஓரத்தில் நான்கு சிறு டேப் துண்டு போதும்.

உண்மையான மண்ணைத் தூவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கைப்பிடி உலர்ந்த மணல், கடதாசியின் மேல். பிரிக்கும்போது உள்ளே நிற்பவர்கள் தலையில் கொட்டும், வகுப்பே சிரிக்கும், கதை உயிர்பெறும். கூட்டுவதற்கு விளக்குமாறும் கீழே விரிக்கப் பழைய துணியும் இருந்தால் செய்யுங்கள். அடுத்த வகுப்புக்கு அறையை உடனே விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பிழைக்கும் இடம் பெரும்பாலும் கயிறுதான். மட்டையின் நான்கு மூலையிலும் துளையிட்டு, 60 சென்ரிமீற்றர் நூல் நான்கைக் கட்ட வேண்டும். நான்கு பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடிப்பார்கள். ஒருவர் சட்டென்று விடுவார், மற்றவர் இறுக்கிப் பிடிப்பார், பாய் சரிந்து ஆள் தலைகீழாக விழுவார். அது நடந்தால் அந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்கு வேறெதுவும் நினைவிருக்காது. தவிர்க்க வழி: ஒவ்வொரு நூலிலும் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு. ஆசிரியர் "ஒன்று" என்றதும் எல்லோரும் ஒரு முடிச்சு இறக்க வேண்டும். "இரண்டு", "மூன்று". எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து எண்ணுவார்கள், வேகம் தானாகக் குறையும். நைலோன் நூல் வழுக்கும், முடிச்சு அவிழும். சணல் அல்லது பருத்தி நூலே வேண்டும்.

இன்னொரு சிக்கல், மட்டை இலேசாக இருந்தால் காற்றில் சுழன்று நான்கு நூலும் ஒன்றாக முறுகிவிடும். அடியில் பாரம் வேண்டும். ஐந்தாறு சிறு கற்களைத் துணியில் பொதிந்து, மட்டையின் அடியில் நடுவாக உருவு முடிச்சால் கட்டுங்கள். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்தப் பொதிக்கு இரண்டாவது வேலையும் கொடுக்கலாம். இயேசு மன்னிப்பைச் சொன்னதும் பொதியை அவிழ்த்து எடுத்துவிடுங்கள். ஆள் அப்படியே கிடக்கட்டும். "பாரம் போய்விட்டது. எழுந்தாரா?" "இல்லை." அந்த இல்லைக்காகத்தான் இத்தனை பாடும். நான்கு ஐந்து வயதில் இது ஏறாது. அவர்களுக்கு அது வெறும் கல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆளைப் படுக்கையோடு றப்பர் பாண்டால் இலேசாகக் கட்டுங்கள், ஒட்ட வேண்டாம். கடைசியில் எழுந்து, படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியவர் அவர். ஒட்டிவிட்டுக் கதையின் முடிவில் பிய்த்தெடுக்கும் காட்சி அவ்வளவு அழகில்லை. பெட்டிக்குள் பின்பக்கமாகத் தண்ணீர் நிரப்பிய அரை லீற்றர்ப் போத்தல் இரண்டை வையுங்கள், இல்லாவிட்டால் கூரையை இழுக்கும் கைகள் வீட்டையே இழுத்துக்கொண்டு வரும்.

மறைந்திருக்கும் செலவு: கூரை ஒரு தடவைக்குத்தான். ஒரே ஞாயிறு இரண்டு வகுப்பு எடுப்பவர் இரண்டாவது தாளையும் ஈர்க்கையும் எடுத்துவைக்க வேண்டும். அடுத்து, கயிறு நான்கு, பிள்ளைகள் பதினைந்து. மிச்சம் பதினொருவரும் என்ன செய்வது? ஆறு பேர் ஆளுக்கொரு பிடி கடதாசியைப் பிரிக்கலாம், ஐந்து பேர் ஈர்க்கை ஒவ்வொன்றாக எடுக்கலாம். இருபதைத் தாண்டினால் யாராவது அழுவது நிச்சயம். ஆளுக்கொரு சிறு பெட்டி செய்வோம் என்று தொடங்குவதும் உண்டு. அப்போது கதை போய் வெட்டி ஒட்டுவதே பாடமாகிவிடும்.

எப்போது இதைத் தெரிவுசெய்யலாம்: எட்டு வயதுக்குக் கீழே, பதினைந்து பேருக்குள், மேசையைச் சுற்றி நிற்க இடமிருந்தால். முதன்முதலாக வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும் இதுவே உகந்தது. பெட்டியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

## படப்பலகை

பிளனல் துணி விரித்த பலகையில் உருவங்களை ஒட்டி ஒட்டிக் கதை சொல்லும் பழைய முறை. பழசு என்று ஒதுக்கிவிட்டவர்கள் பலர். மன்னிப்பு நிற்கிறதா என்று பார்த்தால், அமைதியாக நல்ல வேலை செய்வது இதுதான். காரணம், உருவம் தானாக அசையாது. படுத்திருப்பவரை ஆசிரியர் மாற்றும் வரை அவர் படுத்தேதான் இருப்பார். மன்னிப்பு வார்த்தையைச் சொல்லிவிட்டு, கையைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வேதபாரகர் முறுமுறுப்பையும் இயேசுவின் கேள்வியையும் சொல்லி முடிக்கும் வரை யாரையும் அசைக்க வேண்டாம். பின்வரிசையில் ஒரு பிள்ளையாவது "டீச்சர், அவர் இன்னும் படுத்திருக்கிறாரே" என்று சொல்லாமல் இராது.

பலகைக்கு 90க்கு 60 சென்ரிமீற்றர் ரிஜிபோம் (இலேசான வெள்ளை நுரை அட்டை). மரப்பலகை பாரம், பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. துணி புறக்கோட்டைத் துணிக்கடைகளில் கிடைக்கும். ஒரு மீற்றர் வாங்கினால் பின்பக்கம் மடித்து ஊசி குத்தப் போதும். பின்னணி வெளிர் நீலம் அல்லது மணல் நிறம். உருவங்கள் 20 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, குறைந்தால் ஐந்தாவது வரிசைக்குப் புள்ளியாகத்தான் தெரியும். வேண்டிய உருவங்கள்: இயேசு, ஒரே துண்டாகக் கூட்டம், ஒரே துண்டாக வேதபாரகர், நால்வர், படுக்கையில் மனிதர், அதே மனிதர் படுக்கையைச் சுமந்து நிற்கும் உருவம், வீடு, தனியாகக் கழற்றக்கூடிய கூரை. நிற்கும் உருவத்தை மறந்துவிட்டு, படுத்திருந்தவரை நிமிர்த்தி ஒட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. படுக்கை முதுகில் ஒட்டியபடி மனிதர் நிற்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

உருவத்தின் பின்னால் மண்தாள் கீற்று அல்லது பிளனல் துண்டு ஒட்ட வேண்டும். கொழும்பு ஈரக்காற்றுக்கு மெல்லிய கடதாசி உருவம் இரண்டு வாரத்தில் சுருண்டுவிடும். பிரிஸ்டல் போர்ட்டில் வரையுங்கள். சுருளக்கூடாதென்று லமினேற் செய்தால் வேறு தொல்லை: பாரம் கூடி வழுக்கி விழும், யன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். பலகையை நேராக நிறுத்தாமல், மேல்பக்கம் பின்னுக்குச் சாய வையுங்கள்.

விசிறி. மண்டபங்களில் அது தலைக்கு மேலே சுழன்றுகொண்டே இருக்கும். நிறுத்தினால் பிள்ளைகள் வேர்த்து நெளிவார்கள், நிறுத்தாவிட்டால் நால்வரில் இருவர் பறப்பார்கள். இரண்டு விசிறிகளுக்கு இடைப்பட்ட சுவரோரமாகப் பலகையை வையுங்கள், சனிக்கிழமையே ஒரு தடவை ஒட்டிப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். வரைந்து வெட்ட ஒரு முழு மாலை போகும். ஆனால் அடுத்த வருடம் பத்து நிமிடத்தில் தயார். கூட்டமும் இயேசுவும் வேறு கதைக்கும் உதவும். துணியையும் உருவங்களையும் நன்கு உலர்ந்த பிறகு மூடிய பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இதன் பெரிய குறை, பிள்ளைகளின் கைக்கு வேலையில்லை. ஆளுக்கொரு உருவத்தை முன்கூட்டியே கையில் கொடுத்து, அவர்களை வந்து ஒட்டச் செய்தால் ஓரளவு சரிவரும்.

முப்பது நாற்பது பேர், கலந்த வயது, ஒரே ஆசிரியர் என்றால் வேறு யோசனை வேண்டாம், இதுவே.

## நடிப்பு

எட்டு வயதுக்கு மேல் இது மற்ற மூன்றையும் முந்திவிடும். சரியாகச் செய்தால் மட்டும்.

முதல் கட்டளை: உண்மையான பிள்ளையைத் தூக்கக்கூடாது. எட்டு வயதுப் பிள்ளை 25 கிலோ வரை இருக்கும். அதே வயதுக் கைகள் நான்கு ஜோடி பிடித்தாலும் பெட்சீற் வழுகும், முதலில் தரையைத் தொடுவது தலை. தூக்குவதற்குப் பழைய சேர்ட்டுக்குள் இரண்டு தலையணையைத் திணித்த பொம்மை. கதிரை மேலும் மேசை மேலும் ஏறுவதும் இல்லை. கூரையைக் கீழே கொண்டுவந்துவிடலாம்: இரண்டு நீள வாங்கை 80 சென்ரிமீற்றர் இடைவெளியில் போட்டு, இடையே பழைய பத்திரிகைத் தாள்களை டேப்பால் ஒட்டி மூடுங்கள். நால்வரும் முழங்காலில் நின்று தாளைக் கிழித்து, பொம்மையைக் கீழே பாயில் இறக்குவார்கள். நடக்க முடியாத மனிதராக நடிக்கும் பிள்ளை வாங்குக்குப் பின்னால் பாயில் படுத்திருக்க வேண்டும். பொம்மை கீழே போனதும் துணியால் மூடிவிட்டு, கதை அந்தப் பிள்ளைக்கு நகரும். வாங்கு இலேசானதென்றால் இரு முனையிலும் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

இரண்டு தடவை நடிக்கத் தேவையான தாளை முதலே ஒட்டிவையுங்கள். முதல் தடவை எப்போதும் கூத்துத்தான், பாடம் இரண்டாவது தடவையில் நடக்கும்.

இயேசுவாக யாரை விடுவது? பிள்ளையொன்றை நிறுத்தினால் கூட்டாளிகள் சிரிப்பார்கள், மன்னிப்பு வார்த்தை அந்தச் சிரிப்பில் போய்விடும். ஒரு வெறும் கதிரையை வைத்து, அந்த வரிகளை ஆசிரியர் வேதாகமத்திலிருந்து வாசிப்பதே சிறந்தது. அந்தக் கணத்தில் எல்லோரும் அசையாமல் உறைய வேண்டும் என்று முன்கூட்டியே பழக்குங்கள்: நால்வர் முழங்காலில் நின்றபடி, கூட்டம் எட்டிப் பார்த்தபடி, படுத்தவர் படுத்தபடி. மனதில் ஐந்து எண்ணும் வரை.

பிறகு வேதபாரகர். இந்தப் பாகத்தை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், ஆனால் பாடம் நிற்பது இவர்கள் மேல். அவர்கள் வாய்விட்டு எதுவும் பேசவில்லை, மனதுக்குள் நினைத்தார்கள். எனவே 30க்கு 20 சென்ரிமீற்றர் பிரிஸ்டல் போர்ட்டில் நினைப்புகளை எழுதித் தலைக்கு மேல் பிடிக்கக் கொடுங்கள்: 'இப்படிச் சொல்ல இவர் யார்?', 'பாவத்தைக் கடவுள் மட்டும்தானே மன்னிக்கலாம்?' தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுங்கள். நினைப்பு எந்த மொழியில் இருந்தால் என்ன, இயேசு அறிந்தார் என்பதுதானே கதை. வகுப்பில் நன்றாகப் பேசும் மூத்த பிள்ளைகளுக்கு இந்தப் பாகத்தைக் கொடுத்தால் மன்னிப்பைப் பற்றிய விவாதத்தை அவர்களே தொடக்கிவிடுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கே காசில் இல்லை. நடக்க முடியாதவராக நடி என்றால் சில பிள்ளைகள் கைகாலைக் கோணி முகத்தைச் சுளிப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். 'அமைதியாகப் படுத்திரு, முகத்தில் ஒன்றும் வேண்டாம்' என்பதைத் தவிர வேறு நடிப்பு அந்தப் பாகத்துக்குத் தேவையில்லை. வகுப்பில் சக்கர நாற்காலியோ காலணைப்போ பாவிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பாகத்தை அவருக்குக் கொடுக்கக்கூடாது. அவர் இருக்கும்போது வேறொரு பிள்ளை அதை நடிப்பதும் அவருக்கு எப்படியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். பெற்றோருடன் அந்த வாரமே பேசுங்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் நடிப்பை விட்டுப் படப்பலகைக்குப் போய்விடுங்கள். வேதபாரகராகவோ நால்வரில் ஒருவராகவோ நடிக்க அந்தப் பிள்ளைக்கே ஆசையென்றால் அது வேறு.

நேரமும் பாருங்கள். 45 நிமிட வகுப்பில் வீட்டை விளக்கிய பிறகு பாகம் பிரிக்கவே பத்து நிமிடம் போகும். அரை மணித்தியால வகுப்புக்கு நடிப்பு பொருந்தாது.

## காணொளி

சுருக்கமாகவே சொல்லலாம். காணொளி கூரையை அழகாகக் காட்டும், வீட்டையும் கூட்டத்தையும் ஒரு பார்வையில் விளக்கிவிடும். ஆனால் படம் நிற்காமல் ஓடுகிறது. மன்னிப்பு வார்த்தை வந்த கையோடு மனிதர் எழுந்துவிடுகிறார். நீங்கள் நிறுத்தினால்தான் இடைவெளி கிடைக்கும். அதற்கு எந்த விநாடியில் நிறுத்துவது என்று முதல் நாளே பார்த்து எழுதிவைத்திருக்க வேண்டும்.

இலவசம் போலத் தெரிந்தாலும் இலவசமில்லை: முழுவதையும் முன்கூட்டியே பார்க்கும் நேரம், தரவிறக்கும் டேற்றா, புறொஜெக்டர், அதற்குரிய வயர், ஒலிபெருக்கி, யன்னலை மூடத் திரை. தொலைபேசித் திரையில் ஐந்து பேருக்கு மேல் காட்ட முடியாது. இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டினால் நடுவில் விளம்பரம் குதிக்கும். மின்சாரம் போனால் கையில் ஒன்றும் இருக்காது.

இரண்டு சந்தர்ப்பத்தில் இது உதவும். தமிழ் கொஞ்சமும் பிடிபடாத பிள்ளைகள் பலர் இருக்கும் வகுப்பில், முதல் மூன்று நிமிடத்துக்கு, கூரை திறக்கும் வரை மட்டும் காட்டி நிறுத்திவிட்டு மீதியை நீங்கள் சொல்லலாம். வகுப்பு தவறிய பிள்ளைக்கு வீட்டில் பார்க்க அனுப்பலாம். முழுப் பாடத்தையும் இதற்கு விட்டுக்கொடுப்பதை எந்த வகுப்புக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

## முறை எதுவானாலும் வரும் கேள்விகள்

"பாவம் செய்ததாலா அவருக்கு நடக்க முடியாமல் போனது?" கட்டாயம் வரும். கதை அப்படிச் சொல்லவில்லை என்று நேரடியாகச் சொல்லுங்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அந்த ஒரு வசனத்தை, 9:3, கையில் வைத்திருங்கள்.

"அம்மம்மாவுக்காகச் செபித்தோம், ஏன் சுகம் வரவில்லை? எங்களுக்கு விசுவாசம் போதாதா?" இதற்கு அவசரமான பதில் ஆபத்தானது. இயேசு கண்டது 'அவர்களுடைய விசுவாசத்தை' என்கிறது மாற்கு. படுத்திருந்தவரைத் தனியே நிறுத்தி, உனக்கு விசுவாசம் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. நால்வரின் விசுவாசம் என்ன செய்தது? தூக்கியது, ஏறியது, தோண்டியது. அம்மம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதும் கைபிடித்து நடத்துவதும் அந்த வகைதான் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். ஏன் சுகம் வரவில்லை என்பதற்கு 'எனக்கும் தெரியாது' என்பது நேர்மையான பதில், பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

"யார் கூரையைத் திருத்திக் கொடுத்தது?" வசனத்தில் இல்லை. அவர்களையே சொல்ல விடுங்கள், நல்ல பதில்கள் வரும்.

மன்னிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் 'ஆகவே நீங்களும் எல்லோரையும் மன்னிக்க வேண்டும்' என்று தாவுவது வழக்கம். இந்தக் கதையில் யாரும் யாரையும் மன்னிக்கும்படி கேட்கப்படவில்லை. ஒருவர் மன்னிப்பைப் பெறுகிறார், அவ்வளவுதான். 2019 ஏப்ரல் 21இல் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அந்தச் சுற்றுவட்டாரத்து வகுப்புகளில் அதன் இழப்பைச் சுமக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்கள் முன்னால் அந்தத் தாவலுக்கு மிகுந்த பாரம் உண்டு. பிறரை மன்னிப்பதைக் கற்பிக்க மத்தேயு 18இல் கடன்பட்ட ஊழியக்காரன் உவமை இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள்.

இரண்டு ஞாயிறு கையில் இருந்து, வயதும் கலந்திருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: முதல் ஞாயிறு பெட்டி வீடு, 4ஆம் வசனத்தோடு நிறுத்தம். ஆள் கீழே வந்துவிட்டார், இயேசு என்ன சொல்வார் என்று கேட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு அதே பெட்டியை, திறந்த கூரையோடு, மேசையில் வைத்து 5ஆம் வசனத்தில் தொடங்குங்கள். மூத்தவர்கள் வேதபாரகர் அட்டைகளோடு. பெட்டியை இடையில் அலுமாரிக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் சுவரையும் பிரித்துவிடுவார்கள்.